பிள்ளை கேட்கும் வீடியோ கேம்: கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

பள்ளிச் சீருடை எடுக்கப் போனால் தோளளவு பார்க்கிறோம். செருப்பு வாங்கினால் குழந்தையைக் கடைக்குள்ளேயே நாலடி நடக்கச் சொல்கிறோம். சினிமாவுக்குக் கிளம்புமுன் "படம் எப்படி, குழந்தைகளைக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?" என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோம். வீடியோ கேம் விஷயத்தில் மட்டும் நம்மில் பெரும்பாலோர் இப்படி விசாரிப்பதில்லை. அதற்கு அலட்சியம் காரணமல்ல; எதைக் கேட்பது என்றே தெரியாததுதான் காரணம். நாம் தாயக்கட்டமும் பல்லாங்குழியும் ஆடிய நாளில் அந்த ஆட்டங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தன. அடுப்படியிலிருந்தே யார் கள்ளாட்டம் ஆடுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். இன்று ஆட்டம் பிள்ளைக்குத் தெரிகிறது, பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் பல வீடுகளில் இரண்டே வழிதான் நடைமுறையில் இருக்கிறது. கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுவது ஒன்று. தேர்வு நெருங்கியதும் செல்போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவது இன்னொன்று.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதற்குப் பெரிய கணினி அறிவெல்லாம் வேண்டாம். விளையாட்டின் மேல் போட்டிருக்கும் வயது எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதிக்குப் பிள்ளையின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார வேண்டும்.

வயது எண் எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டுத் தணிக்கை வாரியம் சான்றிதழ் கொடுப்பது திரைப்படத்துக்கு. 2024 முதல் 'யு/ஏ' சான்றிதழையே 7+, 13+, 16+ என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆனால் வீடியோ கேம் அந்த வாரியத்தின் கைக்குள் வருவதில்லை. டப்பாவின் மேலும் செல்போனிலும் நாம் காணும் எண்கள் வெளிநாட்டில் பிறந்தவை. 1993-இல் அமெரிக்கச் செனட் சபையில் 'மார்ட்டல் காம்பாட்', 'நைட் டிராப்' போன்ற விளையாட்டுகளைப் பற்றிக் காரசாரமான விசாரணை நடந்தது. அரசாங்கம் சட்டம் போடுமுன் நாமே ஒரு ஒழுங்கு செய்துகொள்வோம் என்று விளையாட்டு நிறுவனங்கள் முன்வந்து 1994-இல் 'இ.எஸ்.ஆர்.பி.' என்ற அமைப்பை ஏற்படுத்தின. அது எண் போடாமல் எழுத்துப் போடுகிறது. 'ஈ' என்றால் எல்லோருக்கும், 'டி' என்றால் 13 வயதுக்கு மேல், 'எம்' என்றால் 17 வயதுக்கு மேல். ஐரோப்பாவில் 2003-இல் வந்த 'பெகி' முறை 3, 7, 12, 16, 18 என்று எண்களைப் பயன்படுத்துகிறது.

செல்போனில் வரும் எண்ணின் கதை சற்று வேறு. 2015 முதல் கூகுள் பிளேயில் இருக்கும் ஏற்பாட்டின்படி, விளையாட்டைத் தயாரித்தவரே ஒரு கேள்வித்தாளை நிரப்புகிறார். ரத்தம் வருகிறதா, கெட்ட வார்த்தை வருகிறதா, சூதாட்டம் வருகிறதா என்றெல்லாம் கேள்விகள். பதில்களை வைத்து எண் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறகு தவறு தெரிந்தால் திருத்துவதற்கு வழி இருக்கிறது. ஆனாலும் யாரோ ஒரு அதிகாரி உட்கார்ந்து முழுக்க ஆடிப் பார்த்துவிட்டுக் குத்திய முத்திரை என்று அதை நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். 3+ என்றால் மூன்று வயதுக் குழந்தையால் ஆட முடியும் என்று அர்த்தமில்லை. சதுரங்கத்துக்கும் 3+ தான் போடுவார்கள். அந்த எண் ஆட்டத்தின் கடினத்தைப் பற்றியது அல்ல. உள்ளே கண்ணுக்கும் காதுக்கும் படுவது என்ன என்பதைப் பற்றியது. எண்ணைவிட அதன் கீழே இருக்கும் சின்னச் சொற்கள்தான் பயனுள்ளவை. வன்முறை, பயம், ஆபாசம், போதைப்பொருள் என்று காரணம் எழுதியிருக்கும். செல்போனில் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தால் விவரம் விரியும். ஒரு 12+ பயமுறுத்துவதால் 12+ ஆக இருக்கலாம், இன்னொரு 12+ சண்டையினால் 12+ ஆக இருக்கலாம். இருட்டைக் கண்டாலே அலறும் பிள்ளைக்கு முதலாவது ஆகாது. இரண்டாவதை அது சிரித்துக்கொண்டே ஆடிவிட்டுப் போய்விடும். நம் பிள்ளை எந்த ரகம் என்று வாரியத்துக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

"அது கார் ஓட்டற கேம்தாம்மா!"

பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. தங்களுக்குப் பிடித்த பகுதியை மட்டும் சொல்வார்கள். 'ஜி.டி.ஏ.' வரிசை விளையாட்டுகளை நம் ஊர்ச் சிறுவர்களில் பாதிப்பேர் அறிமுகப்படுத்தும் வாசகம் மேலே இருப்பதுதான். கார் ஓட்டலாம் என்பது உண்மையே. ஆனால் 2013-இல் வந்த ஐந்தாவது ஜி.டி.ஏ.யில், கட்டிப்போட்ட ஒரு மனிதனைச் சித்திரவதை செய்யும் காட்சி வருகிறது. அந்தச் சித்திரவதையை ஆடுபவர் தம் கையாலேயே செய்தால்தான் கதை நகரும். பெகி அதற்கு 18 கொடுத்திருக்கிறது. பத்து வயதுப் பையன் கையில் அதைக் கொடுத்துவிட்டு "கார்தானே ஓட்டறான்" என்று இருந்துவிட முடியாது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. 2021-இல் வந்த 'பாப்பி பிளேடைம்' என்ற ஆட்டத்தில் நீல நிறத்தில், நீண்ட கைகளோடு ஒரு பொம்மை வரும். பார்க்கக் குழந்தைகள் சமாச்சாரம் போலவே இருக்கும். பொம்மைக் கடைகளிலும் அதன் உருவம் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் ஆட்டத்தில் அந்தப் பொம்மை நம்மைத் துரத்துகிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தை இரவில் தனியாகப் படுக்க மறுத்தால், இந்தப் பக்கமும் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

சண்டை ஆட்டம் ஆடினால் பிள்ளை சண்டைக்காரனாகிவிடுமா என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி எழுதியது. வன்முறை விளையாட்டுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய அளவில் தொடர்பு இருக்கிறது. கொலை, துப்பாக்கிச்சூடு போன்றவற்றுக்கு விளையாட்டைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம். இது நிதானமான பேச்சு. நம் நாட்டில் நிதானம் தவறியதும் உண்டு. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் 'பப்ஜி' ஆடியதற்காகக் கல்லூரி மாணவர்களைக் கைதே செய்தார்கள். பிறகு 2020 செப்டம்பரில் மத்திய அரசு அந்த விளையாட்டைத் தடை செய்தது. அந்தத் தடைக்குக் குழந்தைகள் நலன் காரணமல்ல. நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. எனவே அதே ஆட்டம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் 2021-இல் திரும்பி வந்ததும், 2022-இல் கடையிலிருந்து நீக்கப்பட்டதும், 2023-இல் மறுபடி வந்ததும் நம் பிள்ளைக்கு அது ஏற்றதா என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

எண் சொல்லாத மூன்று விஷயங்கள்

என் கருத்தில், வீட்டில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை ரத்தத்தினால் வருவதில்லை. ஆட்டம் எப்போது முடியும், எப்படிப் பணம் கேட்கும், உள்ளே வேறு யார் யார் இருக்கிறார்கள் என்ற மூன்றினால்தான் வருகின்றன. இந்த மூன்றும் வயது எண்ணில் சரியாகத் தெரிவதில்லை.

முடிவைப் பற்றி முதலில். "சாப்பிட வா" என்று கூப்பிடுகிறோம். "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று பதில் வருகிறது. அரைமணி ஆகிறது, குழம்பு ஆறிப்போகிறது, கோபம் ஏறுகிறது. பிள்ளை நம்மை ஏமாற்றுகிறது என்று நினைக்கிறோம். சற்று உள்ளே போய்ப் பாருங்கள். முன்னே சொன்ன பேட்டில்கிரவுண்ட்ஸ் ஆட்டத்தில் நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். ஆடும் எல்லை சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை தாக்குப்பிடித்தால் ஒரு ஆட்டம் அரைமணி நேரம் போகும். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நால்வர் அணியில் ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவரும் தோற்பார்கள். மறுநாள் பள்ளியில் அவனுக்குத்தான் ஏச்சு. தெருக் கிரிக்கெட்டில் பேட்டைப் போட்டுவிட்டுப் பாதியில் ஓடினால் நம்மை விட்டுவைத்தார்களா? ஆகவே "எட்டு மணிக்கு நிறுத்து" என்பதைவிட "இந்த மேட்ச் முடிஞ்சதும் போதும், அடுத்தது கிடையாது" என்பது நிறைவேறக்கூடிய கட்டளை. சாப்பாட்டு நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பு புது ஆட்டம் தொடங்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 'ஃப்ரீ ஃபயர்' வகை ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். 'மைன்கிராஃப்ட்' தனியாக ஆடினால் எந்த நொடியிலும் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம். பள்ளி நாளில் ஆட எது ஏற்றது என்பதை வயது எண்ணைவிட இந்தக் கணக்கு நன்றாகச் சொல்லும்.

முடிவே இல்லாத ஆட்டங்கள் வேறொரு சாதி. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் சேர்த்தது போச்சு என்ற ஏற்பாடு அவற்றில் இருக்கும். 'கேண்டி கிரஷ்' ஐந்து உயிர் கொடுக்கிறது. தீர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் அரைமணி காத்திருக்க வேண்டும், இல்லையேல் பணம். இதில் மாட்டிக்கொண்டவர்கள் குழந்தைகள் மட்டுமல்ல என்பது மலரைப் படிக்கும் அம்மாக்களுக்கும் மெட்ரோ ரயிலில் போகும் அப்பாக்களுக்கும் நன்றாகத் தெரியும்!

பணம் இரண்டாவது. இலவசம் என்று போட்டிருக்கும் ஆட்டத்தில்தான் செலவு அதிகம். விளையாட்டின் பெயருக்குக் கீழே 'இன்-ஆப் பர்ச்சேஸ்' என்று சிறிய எழுத்தில் இருந்தால் உள்ளே ஒரு கடை இருக்கிறது என்று பொருள். அந்தக் கடையில் ரூபாய் செல்லாது. ரூபாயை முதலில் வைரமாகவோ, யு.சி.யாகவோ, ரோபக்ஸாகவோ மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றியபின் என்ன விலை கொடுத்தோம் என்பது பெரியவருக்கே மறந்துபோகும். திருவிழாவில் டோக்கன் வாங்கிவிட்டு ராட்டினத்தில் செலவழிப்பது மாதிரி. இதைவிடக் கவனிக்க வேண்டியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து உடைக்கும் பெட்டி. 'ஃபிஃபா 18' கால்பந்து விளையாட்டுக்குப் பெகி கொடுத்த வயது 3. ரத்தமில்லை, வசவில்லை, பந்து மட்டும்தான். அதே விளையாட்டில் எந்த வீரர் வருவார் என்று தெரியாமல் வாங்கும் சீட்டுக்கட்டுகள் இருந்தன. பெல்ஜியத்தில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் ஆணையம் 2018-இல் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. அதன்பின் 2019 தொடக்கத்தில் அந்த நிறுவனம், அந்நாட்டில் சீட்டு வாங்கும் புள்ளிகளைப் பணத்துக்கு விற்பதை நிறுத்தியது. மூன்று வயதுக்கு ஏற்றது என்ற முத்திரையும் சூதாட்டம் என்ற தீர்ப்பும் ஒரே விளையாட்டின் மேல் விழுந்ததை நினைத்துப் பாருங்கள்.

'ஃபோர்ட்நைட்' வழக்கும் பெற்றோர் அறிய வேண்டியது. 2022 டிசம்பரில் அதன் நிறுவனமான எபிக், அமெரிக்க அரசின் வணிக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஒரு பொத்தானைத் தவறுதலாக அழுத்தினாலே பொருள் வாங்கப்பட்டுவிடும்படி அமைத்திருந்தார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. சிறுவர்களுக்கும் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியைத் தொடக்கத்திலேயே திறந்துவைத்திருந்தார்கள் என்பது இன்னொன்று. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ரம்மி போன்ற இணைய ஆட்டங்களைத் தடை செய்கிறது. ஆனால் ஆட்டத்துக்குள் உடுப்பும் துப்பாக்கி வர்ணமும் வாங்குவது அந்தத் தடைக்குள் வராது. ஆகவே பூட்டு நம் கையில்தான். கூகுள் பிளேயில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். அந்தக் கடவுச்சொல் பிள்ளையின் பிறந்த தேதியாக இருக்க வேண்டாம்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் மனிதர்கள். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகப் பொருந்தும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு பிள்ளை ஆடும்போது ஒரு பக்கப் பேச்சுத்தான் நமக்குக் கேட்கிறது. அதுவும் வேகமான இந்தி, மராத்தி, கன்னடம், நடுநடுவே ஆங்கிலம். பத்து வருடம் இந்த ஊரில் இருந்த நமக்கே பாதி புரியாது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு ஒன்றுமே புரியாது. வாரம் ஒருமுறையாவது ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலியை வெளியே வைத்து ஆடச் சொல்லுங்கள். யார் பேசுகிறார்கள், வகுப்புத் தோழனா, முகம் தெரியாத ஆளா, குரல் எத்தனை வயதுக் குரல் என்பதெல்லாம் மொழி புரியாவிட்டாலும் புரியும். 'ராப்லாக்ஸ்' போன்றவற்றில் கூடுதல் கவனம் தேவை. அது ஒரு விளையாட்டு அல்ல. பயன்படுத்துகிறவர்களே உருவாக்கிப் போட்ட எண்ணற்ற விளையாட்டுகள் கொண்ட ஒரு சந்தை. ஒரு கடை நன்றாக இருந்தால் பக்கத்துக் கடையும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அரட்டைக்கு முன் முகத்தைப் படம்பிடித்து வயதைக் கணிக்கும் சோதனை வரும் என்று அந்த நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்தது. நல்லதுதான், ஆனாலும் முகவரி, பள்ளிப் பெயர், போட்டோ எதையும் கொடுக்கக் கூடாது, வேறு செயலியில் வந்து பேசு என்று யாராவது கூப்பிட்டால் உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்ற பாடத்தை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரயில்வே, வங்கி, ராணுவம் என்று மாற்றலாகிக்கொண்டே இருக்கும் குடும்பங்களில் பிள்ளைக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பள்ளி மாறுகிறது. நாக்பூரில் விட்டுவந்த நண்பர்களை அவன் சந்திக்கும் ஒரே இடம் மாலை ஏழு மணிக்கு அந்த விளையாட்டாக இருக்கலாம். மதுரையில் இருக்கும் சித்தப்பா மகனோடு தமிழ் பேசும் ஒரே சந்தர்ப்பமும் அதுவாகவே இருக்கக்கூடும். "மச்சான், பின்னாடி பாரு, பின்னாடி பாரு!" என்பதும் தமிழ்தானே. செல்போனைப் பிடுங்கும்போது எதைப் பிடுங்குகிறோம் என்று தெரிந்து பிடுங்க வேண்டும். ஆட்டம் வேண்டாம் என்று முடிவு செய்தால், அந்த நண்பர்களோடு பேச வாரம் ஒரு வீடியோ அழைப்புக்காவது ஏற்பாடு செய்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அரைமணி நேரச் சோதனை

புது விளையாட்டுக் கேட்டால் அன்றே சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்ல வேண்டாம். அதன் பெயரைப் போட்டு யூடியூபில் யாராவது ஆடிய காட்சியைத் தேடுங்கள். நிறுவனமே வெளியிட்ட விளம்பரப் படம் வேண்டாம்; அது பெண் பார்க்கும் போட்டோ மாதிரி. ஆடிய காட்சியில் நடுப்பகுதியிலிருந்து பதினைந்து நிமிடம் பார்த்தால் போதும். பிறகு பிள்ளையிடம் "எனக்கும் கத்துக்குடு" என்று கேட்டு ஒரு ஆட்டம் ஆடுங்கள். நாம் தோற்போம், தோற்பதில்தான் லாபம். நம்மைக் கேலி செய்துகொண்டே பிள்ளை எல்லாவற்றையும் விளக்கிவிடும். ஜெயிக்க என்ன செய்ய வேண்டும், தோற்றால் என்ன ஆகும், காசு எங்கே கேட்கும், யாரெல்லாம் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் விசாரணைத் தோரணையில் கேட்டால் வராது, இப்படிக் கேட்டால் வரும். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். 'லூடோ கிங்' நம் தாயத்துக்குச் சொந்தக்காரன்தான். அவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

நல்லதைத் தேடிக் கொடுப்பதும் இதே வேலையின் பகுதி. மைன்கிராஃப்டில் கட்டுமான முறையை மட்டும் தேர்ந்தெடுத்து, வெளியாட்கள் இல்லாமல் ஆடினால் ஏழெட்டு வயதுக்கு அது அருமையான ஆட்டம். இலவசமாக, விளம்பரமில்லாமல் சதுரங்கம் ஆட 'லீசெஸ்' இருக்கிறது. நமக்கென்றே செய்ததுபோல் ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் உள்ள ஒரு சிறிய குழு செய்து 2023-இல் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வைத்திருந்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன படிகளை யூகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். மகன் வளர வளர மொழி கைநழுவுவதுதான் கதையின் ஓட்டம். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தேர்வானது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். யாரும் யாரையும் சுடுவதில்லை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு சேர்ந்து ஆடினால், ஆட்டத்தைவிட அதன்பின் வரும் பேச்சு நீளமாக இருக்கும்.

கைமீறிப் போனால்

எத்தனை மணி நேரம் ஆடினால் தவறு என்று எல்லோரும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தைச் சேர்த்தபோது மணிக்கணக்கை அளவுகோலாக வைக்கவில்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிப்போவது, கெடுதல் கண்கூடாகத் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து, பொதுவாக ஓராண்டு அளவு நீடிப்பதைத்தான் அது நோய் என்கிறது. கோடை விடுமுறையில் பத்து நாள் விழுந்து விழுந்து ஆடியது அந்தக் கணக்கில் வராது. தூக்கம் கெடுவது, குளிக்க மறுப்பது, முன்பு உயிராக இருந்த கிரிக்கெட்டையோ வயலின் வகுப்பையோ விட்டுவிடுவது, வீட்டுப் பணம் காணாமல் போவது போன்றவை தெரிந்தால் ஓராண்டு முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே 'ஷட்' என்ற தனிப் பிரிவு இயங்குகிறது. தில்லி எய்ம்ஸிலும் 2016-இல் இத்தகைய பழக்கங்களுக்கான பிரிவு தொடங்கப்பட்டது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி எண்ணான 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைத்ததும் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எந்த மாநிலத்திலிருந்து பேசினாலும் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்; இந்தியில் தட்டுத்தடுமாறி விளக்க வேண்டியதில்லை.